கறுப்புத் துணி

எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என் மனைவி. டாக்டர் "வெயில் படக்கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் கறுப்புத் துணி வாங்கக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு நர்ஸ் என்னென்னவோ சொன்னார். மயக்க மருந்தின் கிறக்கத்தில் என் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுத்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கட்டி வழியை அடைத்துக்கொண்டதால் ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, இரண்டு நாள் கழித்துக் குழாய் வழியே மெல்லிய ஒளிக்கம்பியை உள்ளே விட்டார்கள். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்து கட்டியைக் கொல்லுமாம். "நோய் போகாது. அடைப்பு விடும். கொஞ்ச மாசம் சிரமமில்லாம இருக்கலாம்" என்றார் டாக்டர். அடைப்பு விட்டது. ஆனால் மருந்து தோலிலும் தங்கிவிடும், ஒரு மாதத்துக்கு வெயில் பட்டால் வெந்துபோகும்.

நான் கூரைத் தகடு மாட்டுகிறவன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு எல்லாம் தலைகீழ். ஜன்னல், கதவிடுக்கு, காற்றுத் துவாரம் என்று ஒன்று விடாமல் துணியை ஆணியடித்து மூடினாள். கூடத்து மூலையில் குட்டி பல்பு ஒன்றுக்கு மட்டும் அனுமதி. இருட்டில் அவள் கஞ்சி ஊட்டினால் பாதி மூக்குக்குப் போகும். "ஆளைக் கொல்றதுக்கு நோய் எதுக்கு, நீ போதும்டி" என்பேன். "வாயை மூடிட்டுக் குடிங்க" என்பாள். எப்படிக் குடிப்பதாம்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. புதுச் சந்தைக்குக் கூரை பாதி மாட்டியிருந்தபோதுதான் வயிறு பிடித்துக்கொண்டது. மீதியை என்னோடு வேலை செய்யும் நெட்டையன் முடித்தான். காலை வெயிலில் அது மின்னுவதை அவளைக் கூட்டிப்போய் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

மாதம் முடிந்தது. தோலில் மருந்து போய்விட்டதா என்று பார்க்க, ஊசி போடும்போதே டாக்டர் சொல்லியிருந்தபடி காகிதப் பையில் ஓட்டை போட்டு, கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வெயிலில் நீட்டினேன். மறுநாள் ஓட்டைக்கு நேரே தோல் கொப்புளித்திருந்தது. வயிறும் பழையபடி இறுக்க ஆரம்பித்திருந்தது.

அவள் சலவைக் கடைக்கு வேலைக்குப் போனதும் நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"வீட்டு வெளிச்சத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இருட்டுல."

"சாதாரண வெளிச்சம் பட்டாதாங்க தோல்ல இருக்கற மருந்து கொஞ்சம் கொஞ்சமா போகும். இருட்டுல அப்படியே தங்கிடும். அன்னிக்கே சொன்னேனே. இனிமேலாவது திரையை லேசா விலக்கி வைங்க. இன்னும் சில வாரம் ஆகும்."

சில வாரம். என் வயிறு அவ்வளவு காலம் காத்திருக்குமா என்று அவரிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் மெல்ல ஆரம்பித்தேன். "வீட்டு வெளிச்சம் நல்லதுன்னு சொல்றாங்க."

என் கைக்குத் தடவ மருந்தை எடுத்தவள் அப்படியே நின்றாள். "யாரு சொன்னா? அப்போ இத்தனை நாளா நான் பண்ணதெல்லாம் தப்பா?"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பயந்துவிட்டேன். நான் போய்விடுவேன். அவள் இதே வீட்டில், இதே ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"யாரும் சொல்லல. நானா நினைச்சேன்."

"நீங்க நினைச்சு நினைச்சுத்தான் கை இப்படி ஆச்சு." கொப்புளத்தைச் சுற்றி மருந்து தடவினாள். அழுதிருப்பாள் போல, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எல்லாத்துக்கும் அந்தக் கூடத்து பல்புதான் காரணம். அதை நான் விட்டிருக்கவே கூடாது."

சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்தாள். அதற்கு ஒரு கால் ஆட்டம்.

"விழுந்து வைக்காதடி" என்று எழுந்து போனேன். அவள் ஏறி பல்பைக் கழற்றினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.