பச்சைக்குக் கீழே இரும்பு

மகாராணியின் ஹெட்லைட்டுக்கு மேலே கைக்கடிகாரம் அளவில் ஒரு மீட்டர் உண்டு. பேட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் முள் வலப்பக்கம் சாயும். பேட்டரி கரைந்தால் இடப்பக்கம். ஒரு வாரமாக அந்த முள், கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவளைப் போல, இடப்பக்கமே கிடந்தது.

மகாராணி என் மோட்டார் சைக்கிள். அம்மா பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை நானும் அண்ணனும் சேர்ந்து எழுப்பினோம். இன்ஜினும் ஒயரிங்கும் என் வேலை; பெயிண்ட் அவன் வேலை. பெயிண்ட் காய்ந்து வண்டி ரோட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அண்ணன் கார் பட்டறையில் பெயிண்டர். அவன் பெயிண்ட் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால் பட்டறையில் அவனுக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயர்.

மறுநாள் நான் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர வேண்டும். விடிகிற நேரத்தில் காற்றையும் மழையையும் அளந்து சொல்கிற வேலை. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதை வழியாக வண்டியில்தான் போயாக வேண்டும். பாதைக்குள் ஒரு விளக்கும் இல்லை. போன வாரம் ஒத்திகை பார்க்கப் போனபோது, பாதி வழியில் ஹெட்லைட் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. இன்ஜினும் இருமிவிட்டு நின்றது. மூடி வைத்த புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்ட எழுத்தைப் போல நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் நான் வண்டியைத் தள்ளி வெளியேறும்வரை தன் வெளிச்சத்தோடு ஊர்ந்து வந்தார்.

இதை அண்ணன் அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

“இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தக் குகைக்குள்ள விளக்கெரிய போயிட்டு வந்து காட்டு” என்றாள் அம்மா. “இல்லன்னா நானே போன் போட்டு, என் பொண்ணு வரலன்னு சொல்லிடுவேன்.”

அம்மா சொன்னால் செய்வாள்.

கொட்டகையில் வண்டியை நிறுத்திச் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். பேட்டரியை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. மின்சாரம் உண்டாக்குகிற டைனமோவைக் கழற்றி, அதன் கார்பன் கட்டைகளையும் புதிதாகப் போட்டிருந்தேன். அதன் இரண்டு ஒயர்களையும் விடுவித்து ஒன்றாக்கி, வோல்ட் மீட்டர் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகினேன். வோல்ட் ஒழுங்காக ஏறியது. டைனமோ மேல் தப்பில்லை.

“ரெகுலேட்டர்தாம்மா போயிருக்கும், வேறென்ன” என்று ஸ்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். ரெகுலேட்டர் என்பது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. டைனமோ போதிய அளவு கொடுத்தால்தான் கதவைத் திறந்து விடும். கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புது ரெகுலேட்டர் பெட்டி வாங்கி அதே இடத்தில் பொருத்தினேன். முள் அசையவில்லை.

கொட்டகை வாசலில் அண்ணன் டம்ளரோடு வந்து நின்றான்.

“என்ன டாக்டர், நோயாளி பிழைப்பாளா?”

“வாய மூடிக்கிட்டு நில்லு. யோசிக்கிறேன்.”

“யோசி, யோசி. யோசிச்சே கரண்ட் வந்துடும்.”

பழைய பெட்டி கதவைத் திறக்கவில்லை. புதுப் பெட்டியும் திறக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்க முடியுமா? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அவை உட்கார்ந்த இடம்தான். பெட்டிக்கு ஒயர் மட்டும் போதாது. அதன் உடம்பு வண்டியின் இரும்பைத் தொட வேண்டும். தொட்டால்தான் டைனமோ ஓடுகிற சங்கதியே அதற்குத் தெரியும்.

ஒரு துண்டு ஒயரை எடுத்தேன். ஒரு முனையைப் பெட்டியின் உடம்பில் செருகி, இன்ஜினைக் கிளப்பி, மறுமுனையை இன்ஜின் போல்ட்டில் தொட்டேன்.

முள் துள்ளி வலப்பக்கம் போனது.

ஒயரை எடுத்தேன். இடப்பக்கம். தொட்டேன். வலப்பக்கம். சின்னக் குழந்தை ஸ்விட்ச் போட்டு விளையாடுகிற மாதிரி செய்துகொண்டே இருந்தேன்.

“அண்ணா, இங்க வா.”

இன்ஜினை நிறுத்தி, சீட்டுக்குக் கீழே பெட்டியைக் கழற்றினேன். அது அமர்ந்திருந்த தகடு கரும்பச்சையாக மின்னியது. என் முகமே அதில் தெரிந்தது. போல்ட் மரைக்குள்ளும் பச்சை.

“இங்க எத்தனை கோட் அடிச்ச?”

“மூணு. மேல வார்னிஷ்.” அவன் குரலில் பெருமை வழிந்தது. “யாருமே பாக்காத இடம். ஆனா நான் விடல பாத்தியா.”

“விட்டிருக்கணும். உன் பெயிண்ட தாண்டி கரண்டு போகல.”

அவன் முகம் நசுங்கிய கார்க் கதவு மாதிரி ஆனது. நான் உப்புத்தாளை எடுத்ததும் பாய்ந்து கையைப் பிடித்தான்.

“ஏய், கைய வெட்டிடுவேன்! அந்த ஒயரையே வச்சுக் கட்டு. அதான் வேலை செய்யுதில்ல?”

“குலுங்கிக் குலுங்கி ஒருநாள் அவுந்துச்சுன்னா? குகைக்குள்ள, நட்டநடுவுல? யார் வருவா, நீயா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். தகட்டை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் பெயிண்டர்கள் ஓரம் கட்டுகிற காகித டேப் இருந்தது.

“தள்ளு. நீ சுரண்டினா எலி கடிச்ச மாதிரி இருக்கும்.”

போல்ட் துளைகளைச் சுற்றி வட்டமாக டேப் ஒட்டினான். பெயிண்ட் அடிப்பதற்கு ஓரம் கட்டுவார்கள். அடித்ததைச் சுரண்டி எடுப்பதற்கு ஓரம் கட்டிய முதல் ஆள் என் அண்ணனாகத்தான் இருப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தான். வார்னிஷ், பச்சை, சாம்பல், கடைசியில் பளிச்சென்று இரும்பு. மரையையும் தட்டிச் சுத்தம் செய்தான். டேப்பை உரித்தபோது அந்த வட்டங்களின் ஓரம் அத்தனை சுத்தமாக இருந்தது.

“அழகா இருக்குண்ணா.”

“மூடிட்டு மாட்டு.” பெட்டியை இறுக்கி முடித்ததும் மெதுவாகச் சொன்னான்: “அந்த ஒயரையும் போட்டு வை. ரெண்டும் இருக்கட்டும்.”

இன்ஜினைக் கிளப்பினேன். முள் வலப்பக்கம் சாய்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன். முள் கொஞ்சம் இறங்கி, நடுக்கோட்டுக்கு வலப்பக்கத்திலேயே நின்றது.

வெளியே மாலை வெயில் மஞ்சளாகியிருந்தது. “போயிட்டு வந்துடறேன்” என்றேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கம்மா?”

“நீ குகை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கத விட்டா? நானும் வர்றேன்.”

சுரங்கப் பாதை முகப்பில் காவலாளி தடுப்புக் கட்டையோடு நின்றிருந்தார். போன வாரம் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர். என்னைக் கண்டதும் சிரித்தார்.

“மறுபடியும் நீயா? ஓ, தள்ளுறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டியா!”

“முதல்ல கட்டையத் தூக்குங்க” என்றாள் அம்மா.

உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. சுவர்கள் ஈரத்தில் மினுங்கின. அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன.

“முள்ளு எந்தப் பக்கம்டி?”

“வலப்பக்கம்மா.”

“இப்ப?”

“வலப்பக்கம்தாம்மா!”

“சரி, நீ ரோட்டப் பாரு. முள்ள நான் பாத்துக்கறேன்.” என் தோளுக்கு மேல் எட்டி, மீட்டருக்குள் இருந்த குட்டி பல்பின் வெளிச்சத்தில் அதையே பார்த்தபடி வந்தாள். போன வாரம் வண்டி நின்ற இடம் வந்தது. சுவரில் மரம் மாதிரி ஒரு விரிசல். ஹெட்லைட் அதை வெள்ளையாகத் தொட்டுக் கடந்தது. அம்மாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

மலையின் மறுபக்கத்தில் வண்டியைத் திருப்பி, வந்த வழியே மீண்டும் இருட்டுக்குள் புகுந்து வெளியே வந்தோம். காவலாளி கட்டையைத் தூக்கினார். அம்மா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

“நல்லாப் பாத்து வச்சுக்கோங்க” என்றாள் அவரிடம். “நாளையிலருந்து தினமும் விடியக்காலைல வருவா. கட்டையத் தூக்க லேட் பண்ணாதீங்க.”