லைன் யார் பெயரில்?

போன வாரம் இறங்கிய இடியில் பெக்கோக் ஊரில் எத்தனை வீட்டு மோடம் கருகியதோ தெரியாது. ஜெயபாலன் வீட்டு மோடம் கருகியது. மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம்தான். புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டினால் தீர்ந்தது. மாட்டுவதற்குப் பக்கத்து வீட்டு வேலு வந்து உட்கார்ந்திருந்தான். மோட்டார் பட்டறைக்காரன், எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவான்.

"அண்ணி, யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேக்குது. கம்பெனி குடுத்த பேப்பர் எங்க?"

தேன்மொழி கணவரைப் பார்த்தாள். பேப்பராவது ஒன்றாவது! செம்பனை எண்ணெய் மில்லில் இருபத்தாறு வருஷம் லாரிகளை எடை போட்டு, வண்டி நம்பரையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்த மனுஷன் அவர். லைன் போட வந்தவன் கொடுத்த தாளை இரண்டு தரம் படித்தார். யாராவது லைனைத் திருடிவிடுவான் என்று அன்றைக்கே கிழித்து எறிந்தார். இன்றைக்கும் அது அவர் தலைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? நாலு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையையும் வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. நினைப்பது ஒன்று, வருவது ஒன்று. வருவதும் எப்போதும் ஒரே சொல், மலாய்க்காரர்கள் 'ஐயையோ' என்பதற்குச் சொல்கிற சொல்.

"அலமாக்," என்றார் ஜெயபாலன்.

வேலு சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு அவருக்குப் பேச்சுப் பயிற்சி. ஜொகூர் பாருவிலிருந்து வீடியோவில் வருகிற டீச்சர், வாய் அசைவதைப் பார்த்துத்தான் சொல்லித்தர முடியும். கைப்பேசி டேட்டாவில் போட்டால் இந்த வீட்டில் முகம் அப்படியே உறைந்து நிற்கும். போன வாரப் பாடம் ஏற்கெனவே போயிற்று. இன்றைக்கும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. மறுபடி வரிசையில் நிற்க ஆறு மாதம் ஆகுமாம். மணி இரண்டு தாண்டியிருந்தது.

தேன்மொழி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகளை எழுதி அவர் மடியில் வைத்தாள். "ஒவ்வொண்ணா காட்டுங்க." முதல் எழுத்து கே. தெரியும், சத்தியமாகத் தெரியும். இடது கை விரல் போய்ப் பி-யில் நின்றது. இன்னொரு தரம் முயன்றார், எம். அட, சொந்த விரல்கூடவா சொன்ன பேச்சுக் கேட்காது! தாளைத் தட்டிவிட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பின்கதவுப் பக்கம்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பதால் அவரை நாற்காலியோடு அங்கே நகர்த்தினார்கள். மலாய் மொழியில் ஆரம்பித்த பெண், பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தாள். லோஷினியாம்.

"ஆன்ட்டி, ஐசி கார்டு நம்பர், அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கு. ஆனா லைன் அங்கிள் பேர்ல இருக்கு. அவங்களே முழுப் பேரையும் சொல்லணும். ரூல் அப்படி."

"அவருக்கு ஸ்ட்ரோக்குமா. பேச்சு வராது. பேச வைக்கத்தானே இந்த லைனையே கேக்கறேன்!"

லோஷினி குரலைத் தணித்தாள். "இல்லாட்டி சிகாமட் டவுன்ல இருக்கற எங்க கவுண்டருக்கு அவங்கள கூட்டிட்டு வாங்க."

"மூணு மணிக்குப் பாடம்மா. எப்படிப் போய்ட்டு வர்றது?"

"சரி, பேரு மட்டும் போதும் அங்கிள். மெதுவா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

ஐம்பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்த பெயர். எந்த ஆபீஸிலும், எந்தக் கல்யாணத்திலும் யோசிக்காமல் வந்த பெயர். ஜெயபாலன் உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தேன்மொழி எதிரே நின்று, சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டினாள்.

"அலமாக்."

"பரவால்ல அங்கிள், இன்னொரு தடவை."

"அலமாக்."

மூன்றாவது தடவை அந்தச் சொல்லும் பாதியில் அறுந்து அழுகையாக வந்தது. "சாரி அங்கிள், நெசமாவே சாரி," என்றாள் லோஷினி. அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மணி இரண்டு முப்பத்தைந்து. தேன்மொழி வேலுவின் பக்கம் திரும்பினாள். "வேலு, நீ பேசு. அண்ணனா நீ பேசு."

"அண்ணி, வேணாம்லா..."

"வேற வழி இருந்தா சொல்லு."

வேலு ஜெயபாலனைப் பார்த்தான். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எதைத்தான் சொல்ல முடியும் அவரால்?

மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டார்கள். இந்தத் தடவை எடுத்தது ஓர் ஆண். வேலு தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஜெயபாலன் அனாக் லெலாக்கி ஐயாசாமி," என்று அப்பன் பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னான். லைன் உங்கள் பெயரில்தானா என்று கேட்டதற்கு, ஆமாம், நானேதான் என்றான். அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஆள் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல, வேலு திருப்பிச் சொல்ல, தேன்மொழி எழுதினாள். முதல் எழுத்து கே. வேலு வாயைத் திறக்கும் முன்பே ஜெயபாலனின் தலைக்குள் அடுத்த எழுத்து வந்து நின்றது. கடைசிவரை ஒன்றுகூடப் பிசகவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்று மணிக்கு டீச்சரின் முகம் திரையில் துல்லியமாக வந்தது. தேன்மொழி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம் அங்கிள்! போன வாரம் காணோமே? சரி, இன்னைக்கு சுலபமானதா ஒண்ணு பார்ப்போம். உங்க பேரு என்ன?"

ஜெயபாலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி, மூலையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்த வேலுவைக் காட்டினார்.