நாட்டுக்கு வைத்த பட்டப்பேர்

எனக்குக் கோபம் அதிகம். ஊரில் இதை மறுப்பவர்கள் யாரும் இல்லை, நானும் மறுப்பதில்லை. ஆனால் என் கோபத்தால் நம் நாட்டுக்கே ஒரு பட்டப்பேர் விழுந்தது, தோணிக்கார மரியானின் பாய்த்தோணியில் இன்றைக்கும் அந்தப் பேர்தான் வழங்குகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த வருஷம் புரட்டாசியில் எனக்கும் ஜேசுதாசனுக்கும் தூத்துக்குடியில் கல்யாணம் வைத்திருந்தது. அவர் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் நாசரேத்தில் டீச்சர். அதற்கு முன்னால் இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப் போட்டாயிற்று. முதல் தடவை யுத்தம், இரண்டாம் தடவை அவருக்கு மலேரியா. யுத்தத்தையும் கொசுவையும் நான் மன்னித்துவிட்டேன். மூன்றாம் தடவை கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கெல்லாம் அறிவித்த அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன்:

"கல்யாணம் வச்ச சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மாப்பிள்ளை வந்து நிக்கல, மாலையக் கழட்டி வச்சிட்டு நாசரேத்துக்கு பஸ் ஏறிருவேன். பெறவு கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவருக்கும் இதையே எழுதிப் போட்டேன். அம்மாவுக்கு என்னைத் தெரியும். அன்றிலிருந்து ஜெபம்தான்.

மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் ரயிலைப் பிடித்து, புதன்கிழமையே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவருக்கோ சுதந்திர நாட்டைக் கடலிலிருந்து பார்க்க வேண்டுமாம். கொழும்பிலிருந்து திரும்புகிற மரியானின் தோணியில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டார். மரியான்தான் அந்தத் தோணிக்குத் தண்டல், பாயும் சுக்கானும் ஆட்களும் அவர் சொன்னபடி. சும்மா வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

கடலில் நடந்ததை எனக்கு அவரும் சொன்னார், மரியானும் சொன்னார். அவர் சொன்னதில் பாதியையும் மரியான் சொன்னதில் கால்வாசியையும் தள்ளிவிட்டுச் சொல்கிறேன்.

மரியான் தோணியில் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் கோபுரம் கண்ணில் படும்வரை, போய்ச் சேரவேண்டிய கரையின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஊர்ப்பேரும் கூடாது, நாட்டின் பேரும் கூடாது. சொன்னால் கடல் கேட்டுக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் நாட்டுக்கு ஆளுக்கு ஒரு பட்டப்பேர் வைத்திருந்தார்கள். மரியானுக்கு நாடு என்றால் 'மாமியார்'. போனாலும் வைவாள், வந்தாலும் வைவாள், ஆனால் சோறு போடாமல் அனுப்பமாட்டாள். தோணிச் சமையல்காரருக்கு அது 'சோத்துப்பானை'. வரிசையாகப் பெண்களைப் பெற்று வைத்திருந்த ஒருவருக்கு 'சீதனக்காரி'. "மாமியா வீட்டுல மழையாம்லே" என்று பேசிக்கொண்டால் இந்தப் பக்கம் மழை என்று அர்த்தம்.

இதையெல்லாம் சொல்லித்தான் அவரை ஏற்றினார்கள். கேட்டாரா? மறுநாள், புதன்கிழமை காலையில் பாய்மரத்தடியில் நின்று இரண்டு கையையும் விரித்து, "இந்தியாவே! என் சுதந்திர இந்தியாவே!" என்று ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகள் பாவம், உட்கார்ந்து கேட்பார்கள். இங்கே கடல் கேட்டது. மத்தியானமே காற்று விழுந்து, பாய் உலர்த்திய வேட்டி மாதிரித் தொங்கியது.

மரியான் வையவில்லை. அதற்கும் அந்தத் தோணியில் ஒரு பரிகாரம் இருந்தது. பேரைச் சொன்னவன் இதுவரை யாரும் வைக்காத பட்டப்பேர் ஒன்றை நாட்டுக்கு வைக்க வேண்டும். தோணியில் உள்ள அத்தனை பேரும் "சரிதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவனுக்குத் தண்ணீர் உண்டு, சோறு கிடையாது.

இவ்வளவுதானா என்று என்னவர் தெம்பாகத்தான் தொடங்கினார்.

"பரதகண்டம்."

"எங்களுக்கு ஏற்கெனவே தண்ணியிலதான் கண்டம். வேற சொல்லும் வாத்தியாரே" என்றார் மரியான்.

"நாவலந்தீவு."

"பசிச்சவனுக்குப் பழ நெனைப்புத்தான் வரும்" என்று சமையல்காரர் அடுப்பை ஊதினார்.

"பாரதத்தாய்."

"நல்ல பேருதான். ஆனா ஊரு ஒலகமே வச்சிருக்க பேருல்லா? உம்ம வாயிலருந்து புதுசா வாரது ஒண்ணு சொல்லும்" என்றார் மரியான்.

வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வந்துவிட்டது. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது, காற்று மட்டும் இல்லை. இவர் மூட்டைமேல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பசியா என்று மரியான் கேட்டார்.

"பசி இல்ல தண்டலே, பயம். விடிஞ்சா கல்யாணம். மத்தியானம் தாண்டிச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது. அந்தக் கோவக்காரி சொன்னா சொன்னதுதான்."

"எந்தக் கோவக்காரி?"

"அங்கன இருக்காளே" என்று கரை இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "போனா ஏன் போனேன்னு கோவம். வரலன்னா ஏன் வரலன்னு கோவம். வந்தா ஏன் இம்புட்டு நேரம்னு கோவம். ஆனா அந்தக் கோவத்த நெனைச்சாத்தான் தண்டலே, எனக்கு வீட்டுக்குப் போறோம்னே தோணுது."

பெண்களைப் பெற்றவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஏலே, நம்ம நாடும் அப்படித்தானலே!" என்றார். சமையல்காரர் அகப்பையைத் தூக்கி "சரிதான்" என்றார். ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள்.

மரியான் கடைசியாகச் சொன்னார். "கோவம் இருக்க எடத்துலதான் குணம் இருக்கும். சரிதான். கோவக்காரின்னே இருக்கட்டும். வாத்தியாருக்குச் சோத்தப் போடுங்கலே."

சாப்பிட்டுக் கை கழுவும்போது காற்று எழுந்தது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். புரட்டாசியில் காற்று விழும், எழும். என் பேரைக் கேட்டு வந்தது என்று நான் நம்பவில்லை. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

இங்கே கரையில் சனிக்கிழமை விடிந்தது. தூத்துக்குடியில் என் மாமா வீட்டு வாசலில் பந்தல், பின்னால் ஆட்டுக்கறி வெந்து இறக்கியாயிற்று, பாதிரியார் கோயிலில் வந்து காத்திருந்தார். மாப்பிள்ளை தோணியில் வருகிறார் என்று தோணிச் சொந்தக்காரர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி முன்பே வந்து சொல்லியிருந்தார். வரவேண்டிய நாளில் தோணி வரவில்லை. "பாவம் பிள்ளை" என்று ஒரு சித்தி ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் எழுந்து பந்திக்கு இலை நறுக்கப் போய்விட்டாள்.

கோபத்துக்கு அடியில் எனக்குப் பயம்தான் இருந்தது. கடலைப் பற்றி அன்றைக்கு நல்லதாக ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. பயத்தைக் காட்டத் தெரியாததால் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கல்யாணச் சேலையோடு தோணித்துறைக்கு நடந்தேன். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். உப்பு மூட்டை சுமந்தவர்கள் வழி விட்டு நின்றார்கள்.

முதலில் பாய்தான் தெரிந்தது. கிட்டே வர வர, ஆட்கள் எல்லோரும் முன்பக்கம் நின்று மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கையை வீசிக் கத்துவது கேட்டது. "கோவக்காரி! ஏ கோவக்காரி!" கூட்டத்தோடு கூட்டமாக என் மாப்பிள்ளையும் கத்திக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு முழுக் கோபமும் வந்தது.

தோணி துறையை ஒட்டியதும் மரியான் முதலில் குதித்தார். அங்கே யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நாட்டத்தான் தாயி. வாத்தியாரு வச்ச பேரு" என்றார். என் முகத்தையும் சேலையையும் ஒரு தடவை பார்த்தார். "இப்பம்தான் தெரியுது, எங்கருந்து எடுத்தாருன்னு."

பின்னால் கொப்பரை நாற்றத்தோடு, தாடி முளைத்த மூஞ்சியோடு அவர் இறங்கினார். நான் ஆரம்பித்தேன். ரயில் ஓடவில்லையா? தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்களா? சுதந்திர நாடு ரயிலில் வந்தால் தெரியாதா? ஆட்டுக்கறி ஆறிப்போனதற்கு யார் பொறுப்பு? செத்துப்போய்விட்டீர்களோ என்று நினைத்த எனக்கு யார் பதில் சொல்வது? அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் உடைந்துவிட்டது. அவரோ பாயசம் குடிக்கிறவர் மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோணிக்காரர்களும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்று கேட்டார்கள்.

மரியான் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளாலே? கரை சேந்துட்டோம்."

அதற்குமேல் எனக்கு வைய வரவில்லை. மாதா கோயிலில் மத்தியான மணி அடிக்கத் தொடங்கியது. அம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் கோயிலைப் பார்த்து ஓடினாள்.