சத்தம் போடாத மிஷின்

புல் வெட்டும் மிஷின்கள் இரண்டையும் வாசல் படியில் சாய்த்து வைத்தார் முதலாளியம்மா. ஒன்று பழைய பெட்ரோல் மிஷின், எண்ணெய் ஏறிக் கறுத்தது. இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. அட்டைப்பெட்டி வாசம்கூட அதில் இன்னும் போகவில்லை.

"உழைக்கிறவன் நீ. எது வேணும்னு நீயே சொல்லுப்பா. புதுசை வச்சுக்கிட்டா பழசைக் கடைக்காரரு எடுத்துட்டுப் போயிடுவாரு."

தோட்டக்காரன் புதியதைத் தூக்கிப் பார்த்தான். மிட்டாய் கிடைத்த பிள்ளையின் முகமாகிவிட்டது அவன் முகம். பெட்ரோல் புகையில் தலைவலி, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்வலி என்று அவஸ்தைப்பட்டவன். கரும்பு தின்னக் கூலியா கேட்பான்?

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவி மட்டும் பழைய மிஷினையே பார்த்தாள்.

அவனுக்கு வலிப்பு வரும். அடிக்கடி இல்லை, ஆனால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு அவர்கள் குடியிருக்கும் பின்கட்டு அறையும் போகும். வலிப்புக்காரன் கையில் சுழலும் கத்தியை எந்த மகராசி கொடுப்பாள்? ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். தோட்டத்தின் நடுவிலிருக்கும் மேட்டைத் தாண்டிவிட்டால் அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், போனும் அங்கே எடுக்காது. ஆனால் பெட்ரோல் மிஷினின் அலறல் அவள் சமையல் வேலை செய்யும் முதலாளியம்மா வீட்டுச் சமையலறை வரை வரும். அலறினால் அவன் வேலை செய்கிறான் என்று அர்த்தம். விசையிலிருந்து கை நழுவினால் அலறல் முனகலாக இறங்கும். முனகல் நீண்டால் அவள் ஓட வேண்டும். ஒருமுறை அப்படி ஓடித்தான், வேலியோரச் சேற்றில் குப்புறக் கிடந்தவனைப் புரட்டி மூச்சுவிட வைத்தாள். அக்கம்பக்கத்தார் சபித்த அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் நிம்மதியாகக் காய் நறுக்கினாள்.

"பேட்டரி நடுவுல தீந்துபோச்சுன்னா என்னம்மா பண்றது?" என்றாள், வாய்க்கு வந்ததை.

"ரெண்டு பேட்டரி இருக்கு. ஒண்ணு தீர்றதுக்குள்ள இன்னொண்ணு சார்ஜ் ஆயிடும், வந்து மாத்திக்கட்டும். நீயா வெட்டப்போறே?" முதலாளியம்மா சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

சாயங்காலமே கடைக்காரர் வந்து பழசை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, கிளம்பியவனை வழிமறித்தாள். "ஏங்க, அப்பப்ப ஒரு குரல் குடுங்க."

"காக்கா மாதிரி கத்திக்கிட்டே வெட்டச் சொல்றியா? மாத்திரைதான் ஒழுங்கா போடறேன்ல. போ, போயி வேலையைப் பாரு."

மேட்டில் ஏறினான். மறுபக்கம் இறங்கினான். அவ்வளவுதான்.

சமையலறையில் அவள் இதுவரை கேட்டிராததெல்லாம் கேட்டது. குழாய் சொட்டியது. மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அடுப்பில் கொதிப்பதுகூட இரைச்சலாகப் பட்டதால், தீயைக் குறைத்துக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். சார்ஜரில் இரண்டாவது பேட்டரிக்குச் சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்து வெகுநேரமாயிற்று. இந்நேரம் அவன் வந்திருக்க வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, அவளை ஏதாவது சீண்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். "எங்க கிளம்பிட்டே?"

"இதை அவருகிட்ட குடுத்துட்டு வந்துடறேம்மா."

"அவனே வந்து எடுத்துப்பானே. என்ன அவசரம்?"

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மா நடந்துட்டு வரேன்."

நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டதால் நடக்க வேண்டியதாயிற்று. முதலாளியம்மாவின் பார்வை முதுகில் இருந்தது. ஓடினால் ஏன் என்று கேட்பார். கால்கள் பறந்தன, அவள் அவற்றைப் பிடித்து வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இடுப்பில் பேட்டரி கனத்தது.

"பாத்தியா, என்ன அமைதி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மிஷின் ஓடறதே தெரியல!"

அவள் திரும்பாமல் தலையை ஆட்டினாள்.

மேட்டின் மறுபக்கம் இறங்கியதும் ஓடினாள். வெட்டிய புல் சரிவில் பாதைபோல் சீராகப் போய், ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது. அதற்கப்பால் இடுப்பளவுப் புல்.

"ஏங்க..."

அப்போதும் சத்தமாகக் கூப்பிட வாய் வரவில்லை, மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். காற்றில் புல் முழுவதும் அசைந்தது, நடுவில் ஆள் நீளத்துக்குச் சாய்ந்து கிடந்த அந்த இடத்தைத் தவிர.