இரண்டு விரல் பனி

என் மனுசி அஞ்சலீனாவை ஒன்பது நாளாகக் குளிர் அறையில் வைத்திருந்தார்கள். மன்னாரில் என்றால் இன்றைக்குச் செத்தால் நாளைக்குப் பின்னேரம் மண். இங்கே டாக்டரின் கடிதம், கவுன்சில் பதிவு, கோயிலில் நேரம், சவக்காலையில் நேரம் என்று செத்தவளும் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் பெப்ரவரி மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. பத்து மணிக்குப் பூசை, பதினொன்றரைக்கு அடக்கம்.

ஞாயிறு பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. திங்கட்கிழமை பஸ் ஒன்றும் ஓடவில்லை. ஒரு சாண் பனிக்கே லண்டன்காரருக்குக் கை கால் வழங்காது. மத்தியானம் சவக்காலை மேனேஜர் கெவின் போன் எடுத்தான். உள்ளே இருப்பது சின்னக் கல்லுப் போட்ட கிரவல் றோட்டு, பெட்டி வரும் கார் அதில் ஓடாது, அடக்கத்தைப் பத்தொன்பதாம் திகதிக்கு மாற்றலாமா என்று கேட்டான். இன்னும் பதினாறு நாள் அவள் அந்த அறையில் கிடக்க வேண்டும் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். மரியாதையாகக் கதைப்பவனை நான் எப்போதும் இரண்டு தரம் பார்ப்பேன்.

நான் அந்தச் சவக்காலையில்தான் நாலு வருசமாக வேலை. பார்க்கிங் என்ற ஊரைத் தாண்டி, லண்டன் முடிகிற இடம். புல் வெட்டுவது, இலை கூட்டுவது, குழி மூடுவது. வாசல் படலையில் இருந்து கத்தோலிக்கப் பகுதிக்கு அரை மைல். நான் றோட்டைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்றேன். நீ புருசன், அன்றைக்கு நீ வேலை செய்யக்கூடாது என்றான். அது டிராக்டருக்குத் தெரியாது என்றேன். பிறகு, பதினொரு மணிக்கு வந்து பார்ப்பேன், எனக்குத் திருப்தி இல்லாவிட்டால் காரை உள்ளே விடமாட்டேன் என்றான்.

இன்னொரு விசயமும் இருந்தது. செத்த பிறகு நான் அவளின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாய். சனிக்கிழமை பிள்ளைகள் சவப்பெட்டிக் கடைக்குப் போய்ப் பார்த்தார்கள், நான் போகவில்லை. அந்தக் கடைக்காரர் முகத்துக்குச் சாயம் பூசுகிறவர்கள். கோயிலில் பார்க்கிறேன் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களில், பெட்டி மூடுவதற்கு முன் எல்லாரும் நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். புருசன் கடைசி. அவனுக்குப் பிறகு மூடி. பூசை முடியத்தான் மூடுவார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் பண்ணினேன்.

செவ்வாய் விடிய வீட்டிலிருந்து நடந்து ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குப் போட வெள்ளைச் சேட்டு ஒன்றை ஒரு பையில் மடித்துக் கொண்டுபோனேன். சிவானந்தன் எனக்கு முன்னமே வந்து நின்றான். அவனும் அங்கே வேலை செய்கிறவன், சுவிசில் இருந்து வந்த யாழ்ப்பாணத்தான், என்னைவிடப் பத்து வயசு குறைவு. இரவே யோசித்து வைத்திருப்பான் போல.

“அண்ணை, நீங்கள் கோயிலுக்குப் போங்கோ. நான் தள்ளுறன்.”

“உனக்குத் தெரியாது.”

“தள்ளுறதுக்கு என்ன தெரியவேணும்? சோதனை வைக்கிறாங்களோ?”

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் போன வருசம் புல்லு வெட்டும்போது மூன்று கல்லறையின் விளிம்பை உடைத்தவன். டிராக்டரை ஸ்ரார்ட் பண்ணுகிற திறப்பை நான் அவனிடம் கொடுக்கவில்லை. மண்வெட்டியைக் கொடுத்து, குழியடியைத் துப்புரவாக்கச் சொன்னேன்.

கிரவலில் பனி தள்ளுவது தார் றோட்டில் தள்ளுவது போல இல்லை. நான் நோர்வேயில் பதினொரு வருசம் இருந்தவன். மீன் ஃபாக்டரியில் வேலை குறைந்த மாரியில் ஒலவ் என்ற கமக்காரனின் டிராக்டரில் ஊர் றோட்டுகளுக்குப் பனி தள்ளினேன். முதல் நாள் நான் டிராக்டருக்கு முன்னால் பூட்டிய பனி தள்ளும் பிளேட்டை நிலத்தில் முட்டப் பதித்துக் கொண்டுபோய்ப் பாதிக் கிரவலை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டேன். ஒலவ் ஏசவில்லை. இறங்கி வந்து பனிக்குள் இரண்டு விரலை வைத்துக் காட்டினான். அவ்வளவை விட்டுவிட வேண்டும். பிளேட்டின் அடியில் இரண்டு பக்கமும் இரும்புப் பாதம் இருக்கும், அதை அந்த உயரத்துக்குப் பூட்ட வேண்டும். விட்ட பனி இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும், சில்லு அதன்மேல் ஓடும். கல்லுத் தெரிய வழித்தால் பார்க்க வடிவாக இருக்கும், கீழே சேறு. லண்டனில் நிலம் உறைவதும் இல்லை. அந்தச் சேற்றில் பெட்டியோடு கார் புதைந்தால் கெவின் எங்களைத் திருப்பி அனுப்புவான்.

பிளேட்டைச் சரித்துப் பிடித்து முதல் தரம் நடுவால் போனேன். இரண்டாம் தரம் வலப்பக்கம். தண்ணீர்க் குழாயடி வளைவில் பனிக்குள் மறைந்திருந்த கல்லொன்று தட்டி, ஒரு பாதத்தின் ஆணி உடைந்தது. வேறு ஆணி தேடி, விறைத்த விரலால் பூட்ட முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. கை முழுக்கக் கிறீஸ். திரும்ப வேலை தொடங்கும்போது மணி ஒன்பதே முக்கால். மிச்சம் இருநூறு யார்ட் தூரம். அதிலேதான் இறக்கம்.

சிவானந்தன் குழியடியில் இருந்து ஏறி வந்தான்.

“அண்ணை, இனியாவது போங்கோ. நீங்கள் எப்பவும் சொல்லுற இரண்டு விரல்தானே, நான் விடமாட்டனோ?”

அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக விளங்கித்தான் கேட்டான். இப்போது நினைத்தால், அவன் சரியாகத்தான் தள்ளியிருப்பான். அப்போது எனக்கு அந்த இறக்கம்தான் கண்ணில் நின்றது. பூசை ஒரு மணித்தியாலம், முத்தம் கொடுக்கக் கால் மணித்தியாலம், அவனுடைய வான் வண்டியில் கோயிலுக்குப் பத்து நிமிசம். வானைத் திருப்பி விடு, வாறன் என்றேன்.

திரும்பவும் பனி தூறத் தொடங்கியது. தள்ளிய இடமெல்லாம் மெல்ல வெள்ளையாகியது. காலையிலிருந்து மகள் றஜீனா, அஞ்சலீனாவின் தங்கச்சி டொலறஸ், கெவின் எல்லாரும் மாறி மாறிப் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்விதான், றோட்டு திரும்ப மூடிவிட்டதா என்று. பத்தரைக்கு மகன் டெனுசன் எடுத்தான். நான் இறக்கத்தில் நின்றேன், எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்டவில்லை. அவன் என்னவோ நீளமாகச் சொன்னான். கடைசிச் சொல்தான் காதில் விழுந்தது. மூடிட்டுதோ என்று கேட்கிறான் என்று நினைத்தேன்.

“ஓம், ஓம். நீ யோசிக்காதை, அப்பா பாக்கிறன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவன் கேட்டது அது இல்லை. பூசைக்கு வந்தது நாற்பது பேர்தான், பாட்டு இல்லை, பாதருக்கு இன்னொரு அடக்கம் இருந்தது, பூசையை இருபது நிமிசத்தில் முடித்துவிட்டார். எல்லாரும் முத்தம் கொடுத்து முடிந்தது. அப்பாவுக்கு நிற்பதா விடுவதா என்று தெரியாமல், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிள்ளை கேட்டிருக்கிறான், “அப்பா, மூடவோ?” என்று.

பதினொன்றுக்குப் பத்து நிமிசம் இருக்க வேலை முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு வானில் ஏறினேன். சிவானந்தன் படலையால் வெளியே திருப்பும்போது கறுத்தக் கார் உள்ளே திரும்பியது. கண்ணாடிக்குள்ளால் பெட்டியைக் கண்டேன். மேலே பூ வைத்திருந்தார்கள். மூடாத பெட்டிக்கு மேல் பூ வைக்க மாட்டார்கள்.

நான் இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றேன். டெனுசன் பின்னால் வந்த காரில் இருந்து ஓடிவந்தான்.

“ஏன் கொண்டுவந்தனீங்கள்? நான் இன்னும் பாக்கேல்லை.”

“மூடவோ எண்டு கேட்டனான் அப்பா. நீங்கள் ஓம் எண்டனீங்கள்.”

அவனை ஏச வாய் வந்தது. இரண்டு தரம் அல்லவா ஓம் போட்டிருந்தேன்.

கெவின் வந்து காலால் றோட்டை மிதித்துப் பார்த்தான், நல்லது என்றான். கார் அரை மைலும் ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. இறக்கத்திலும் பொம்மை மாதிரிப் போனது. நான் பின்னால் நடந்தேன். சிவானந்தன் எனக்குப் பக்கத்தில் வந்தான். ‘நான் சொன்னேனே’ என்று அவன் ஒரு தரம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

குழியடியில் சவப்பெட்டிக் கடைக்காரன், உயரமான வெள்ளையன், மகனிடம் விசயத்தைக் கேட்டு என்னிடம் வந்தான். நாலு ஆணிதான், இரண்டு நிமிசத்தில் திறக்கிறேன் என்றான். டொலறஸ் என் கையைப் பிடித்தாள்.

“அத்தான், ஒருக்காப் பாருங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

நான் அவள் பிடித்த கையைப் பார்த்தேன். கிறீஸ், டீசல், உடைந்த ஆணியின் துரு. வெள்ளைச் சேட்டு இன்னும் பைக்குள். பனி இப்போது பெரிய பெரிய துண்டாக விழுந்தது. நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கடைசியா ஆர் முத்தம் குடுத்தது?” என்று கேட்டேன்.

“நான்தான் அப்பா” என்றாள் றஜீனா. “உங்களுக்கும் சேர்த்துக் குடுத்தனான்.”

“அப்ப சரி. இறக்குங்கோ.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திறந்த பெட்டிக்குள் பனி விழும் என்றும் நினைத்தேன். பயமாகவும் இருந்தது. இறக்கினார்கள். முதல் மண்ணை நான் போட்டேன்.

வீடியோக்காரன் டூட்டிங்கில் இருந்து வர முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டானாம். போனிலும் ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் நாலு நாட்டுக்கும் போய்விடும், ஒருவரையும் எடுக்க விடாதே என்று மகனிடம் சொன்னவன் நான்தான். அவன் சொன்னபடி செய்திருக்கிறான்.

அன்று பின்னேரம் வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். அம்மா நித்திரை கொண்ட மாதிரி இருந்தா என்றாள் றஜீனா. எல்லாரும் எல்லாச் சவத்துக்கும் சொல்வது அது. டெனுசன், பவுடர் கூடிப்போச்சு, சித்தி துடைச்சுவிட்டவ என்றான். டொலறஸ்தான் நேரம் எடுத்துச் சொன்னாள். வாய் கொஞ்சம் திறந்திருந்ததாம். இடது புருவம் மற்றதைவிட உயர்ந்திருந்ததாம், என்னோடு கோபித்தால் இருக்குமே, அப்படி.

டாக்டர் சொன்னதையும் இரண்டாம் தரம் கேட்டுத்தான் மருந்து குடிக்கிறவன் நான். ஞாயிறு பூசை முடிந்து டொலறஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த முகத்தைப் பற்றிக் கேட்கிறேன். அவளும் சொல்கிறாள். போன கிழமை புருவத்தை விட்டுவிட்டு, சொண்டில் ஒரு சிரிப்பு இருந்தது என்றாள். நான் மறுத்துக் கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மிச்சத்தையும் சொல்லச் சொன்னேன்.