பதினோரு நாள் ஜன்னல்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவளுக்கு இணையத்தில் ஆந்தை என்று பெயர். அவளே வைத்துக்கொண்டதுதான். அவள் எழுதுகிற தளத்தில் பதிவுக்கு ஓட்டு விழுந்தால் பாயின்ட், பாயின்ட் சேர்ந்தால் காசு. காசு என்றதும் சும்மா விடுவார்களா? ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாயின்ட் கறக்கிற ஸ்பேம் கூட்டம் ஈசல் மாதிரி மொய்த்தது. அதை டவுன்வோட்டு, அதாவது எதிர் ஓட்டுப் போட்டு அடக்குகிற பழைய ஆட்களில் ஆந்தையும் ஒருத்தி. ஆறு வருஷமாக இருப்பதால் அவள் ஓட்டுக்குக் கனம் அதிகம். அவள் ஒரு தடவை கீழே அழுத்தினால் புது ஆளின் பாயின்ட் பூஜ்யமாகிவிடும்.

அதனாலேயே அவள் ஒரு விதி எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி தளத்தின் உச்சியில் ஒட்டி வைத்திருந்தாள். முதலில் காரணத்தைச் சொல், ஒரு நாள் பொறு, அப்புறம் அழுத்து.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த விதி காற்றில் பறந்தது. மடியில் டிபன் டப்பா, அதில் நாலாவது நாளாக முட்டைக்கோஸ். வீட்டுக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று தலையணை அளவுக்கு ஒன்றைத் தூக்கி வந்திருந்தார், புண்ணியவான். எரிச்சலோடு போனைத் திறந்தால் அறுபது ஸ்பேம். நடுவில் 'மூணாம் கியர்' என்று ஒரு புது ஆள். பதினோரு நாளாக ஒரே ஜன்னல், ஒரே குழாய், ஒரே துண்டு வானம். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: 'இன்னைக்கும் அதே ஜன்னல்.'

"அடப்பாவி, துணிச்சலைப் பாரேன்!" என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, காரணம் கேட்கவில்லை, பொறுக்கவும் இல்லை. பதினோரு தடவை அழுத்திவிட்டு டப்பாவை மூடினாள். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். சாமான் அறையைக் காலி செய்து அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். நாளெல்லாம் சுற்றுகிறவள் படுத்துக் கிடந்தால் என்ன ஆகும்? யார் பேசினாலும் வள்ளென்று விழுந்தாள். அப்புறம் என்ன மாயமோ, இந்தப் பத்துப் பதினைந்து நாளாக முகம் தெளிந்து, பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அப்பாடா என்றிருந்தது ஆந்தைக்கு.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருந்தது. நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்ன, கால் வலிக்குதா?"

"வயிறு எரியுது அண்ணி! நீங்க எழுதுற அந்தத் தளத்துல நானும் சேர்ந்தேன். அங்க உங்க பேரு என்னன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க, சரி, நானும் கொஞ்சம் தேறினப்புறம் காட்டலாம்னு இருந்தேன். எவளோ ஆந்தையாம், பதினோரு படத்தையும் பூஜ்யமாக்கிட்டா. கேட்டுட்டு அழுத்துன்னு விதி எழுதி வச்சவளே அவதான்! என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? அவ கை விளங்குமா?"

"எ... என்ன படம்?"

"இதோ, இந்த ஜன்னல்தான்."

ஆந்தை பார்த்தாள். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

"நின்னா தெரியாது. இப்படி வந்து படுங்க."

மாவுக்கட்டை இடிக்காமல் ஒருக்களித்துப் படுத்தாள். குழாய் தெரிந்தது, துண்டு வானம் தெரிந்தது. நாத்தனார் போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதல் படத்தில் குழாய் வளைவில் ஒரு குச்சி. அடுத்ததில் நாலு. அதற்கடுத்ததில் ஒரு காக்கா, அலகில் கம்பித் துண்டு. பதினோராவதில் கிட்டத்தட்ட முழுசாக ஒரு கூடு. நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிறவளுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

"கால் ஒடிஞ்சதுக்கப்புறம் நான் செஞ்ச ஒரே வேலை இதுதான் அண்ணி. இனிமே போட மாட்டேன்."

ஆந்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். சத்தமில்லாமல் ஓட்டுகளை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்தால் இனி இவள் முகம் கொடுத்துப் பேசுவாளா? ஆனால் பக்கத்து அறையில் ஒருத்தி சாப்பிடாமல் கிடக்கிறாளே. நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. பதினோரு ஓட்டையும் எடுத்துவிட்டு, கடைசிப் படத்தின் கீழே எல்லாரும் படிக்கும்படி எழுதினாள்:

'நான்தான் ஆந்தை. விதி எழுதினவளே விதியை மீறிட்டேன், தப்பு என்னோடது. இவங்க என் நாத்தனார், அதனால நான் ஓட்டுப் போடுறது நியாயமில்ல. கூடு கட்டுறதை மத்தவங்க எல்லாரும் வந்து பாருங்க. நான் சமையலறையிலதான் இருக்கேன், திட்டு வாங்கத் தயார்.'

போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போன் கிணுகிணுத்தது.

'ஆந்தை அவர்களுக்கு. உங்க விதிப்படி முதல்ல காரணம் சொல்றேன். நாலு நாளா ஒரே முட்டைக்கோஸ். இது சுத்த ஸ்பேம். ஒரு நாள் பொறுப்பேன். திருந்தலன்னா அழுத்திடுவேன்.'

படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதற்குள் அறையிலிருந்து குரல்: "அண்ணி, காக்கா வந்துடுச்சு, சீக்கிரம் ஓடி வாங்க!"

மிச்சமிருந்த அரை முட்டைக்கோஸை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, அப்போதுதான் உள்ளே வந்த வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, ஓடிப் போய் அவள் பக்கத்தில் படுத்தாள்.