அனுசுயா தீட்டிய எண்கள்

எல்லா டாக்டர்களும் அனுசுயாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஏதாவது போடுவீங்களா?

"இல்லீங்க."

"எப்பவாவது?"

"இல்லீங்க."

கடைசி டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வருகிற புதன்கிழமை, புற்று வந்த கீழ்த்தாடையில் பாதியை எடுக்கப் போகிறார்கள். அதைவிட அந்தக் காகிதத்தில் என்ன எழுதினாரோ என்பதுதான் அவளை அரித்தது.

கணவன் மருதாசலத்தின் அக்கா ராமாயி குன்னத்தூரிலிருந்து பார்க்க வந்தாள். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, சமையலறைக்குக் கேட்கும்படி தம்பியிடம் சொன்னாள். "கம்பெனியில அத்தன பேருகூட ஒக்காந்து வேல பாக்கறவ. ஆராச்சும் ஒரு பாக்கு நீட்டியிருந்தா வேண்டாம்னிருப்பாளாக்கும்."

அனுசுயா வெளியே வந்தாள். "முருகன் மேல சத்தியமா இல்லீங்க நங்கையா."

"நானென்ன உன்னயவா சொன்னேன் அம்மிணி. ஊருல நடக்கறதச் சொன்னேன்."

மருதாசலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவரில் கறுப்படித்த பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதில் பதினொரு மீட்டர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த விமானங்களில் விமானியின் முகத்துக்கு நேரே இருந்தவை. உயரம் காட்டுவது, வேகம் காட்டுவது, திசை காட்டுவது. பெருமாநல்லூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருக்கும் மருதாசலம், ஞாயிறு தவறாமல் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், பதினாறு வருடத்தில் சேர்த்தது. இருட்டில் மின்னுவதற்காக எண்களின்மேல் ஏதோ பூசியிருந்தார்கள். அது பழுத்துப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அவற்றைப் புதிதாக்கியவள் அனுசுயா. அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் ஊசிமுனையளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். நூல் பிசிறு வெட்டும் ட்ரிம்மர் நுனியால் பழைய பூச்சைச் சுரண்டுவாள். வாயால் ஊதித் தூளைப் போக்குவாள். பிறகு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, ஊசியில் கோக்கும்முன் நூலை நனைப்பதுபோல் உதட்டில் வைத்து இழுப்பாள். ஒவ்வோர் எண்ணையும் தீட்டி முடித்ததும் தூள் ஒட்டிய பிரஷ் மறுபடி உதட்டுக்கு வரும்.

"மொன கூரா நிக்கோணுமல்லங்க."

அவன் டார்ச் பிடிப்பான். "உங் கை ஆருக்கும் வராது அம்மிணி" என்பான்.

ராமாயி வந்துபோன மறுநாள், சனிக்கிழமை காலை, கோவையிலிருந்து அருள்செல்வன் என்கிற இயற்பியல் பேராசிரியர் வந்தார். கல்லூரிக் கண்காட்சிக்குப் பலகையைக் கேட்டிருந்தார். அனுசுயா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து கதிர்வீச்சைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துப் பலகையருகே நீட்டினார். அது படபடவென்று பொரிந்தது.

"ரேடியமுங்க" என்றார். "கண்ணாடி மூடியிருந்தா அவ்வளவு பயமில்ல. இதத் தொறந்து சொரண்டியிருக்குது. ஆருங்க செஞ்சது?"

"நாந்தானுங்க" என்றான் மருதாசலம்.

"தூளு வாயில கீயில படலீங்களே? உள்ள போனா எலும்புல போயி ஒக்காந்துக்கும். தாடையத்தான் மொதல்ல புடிக்கும்."

"இல்லீங்க" என்றான்.

பலகை வேண்டாமென்று சொல்லி அவர் போனதும், அதைக் கழற்றினான். நான்கு சுற்று பாலித்தீனில் சுற்றி, மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தான். இறங்கி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடியும் கழுவினான்.

ஈரக் கையோடு உள்ளே வந்த அனுசுயா நின்றாள். "ஏனுங்க, செவுரு மொட்டையாக் கெடக்குது? வித்துப்போட்டீங்களா?"

அவன் தரையில் உட்கார்ந்தான். பேராசிரியர் சொன்னதைச் சொன்னான். பெட்டி பொரிந்ததைச் சொன்னான். "நாந்தான் கொண்டாந்தேன். நாந்தான் உங் கையில குடுத்தேன். பக்கத்துலயே ஒக்காந்து லைட்டுப் புடிச்சேன்."

அவள் ஆணி மட்டும் மிச்சமிருந்த சுவரைப் பார்த்தாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவள் அழுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான்.

"அப்ப, பொகையில போட்டு வந்ததில்லீங்களே?"

"இல்ல அம்மிணி."

"நெசமாலுமா?"

"இதனாலதான் வந்துதுன்னு ஆராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா..."

"நீங்க சொல்லுங்க."

"இதனாலதான்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். மேசைமேலிருந்த போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"நங்கையாளுக்குப் போடுங்க. அப்பறம் டாக்டருகிட்டப் போயி எழுதுனத மாத்தச் சொல்லோணும். புதங்கெழமைக்குள்ள எல்லாருகிட்டயும் சொல்லிப்போடோணும். அப்பறம் எனக்குப் பேச வருமோ என்னமோ."

அவன் இரண்டுமுறை தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை மணி போனது. அனுசுயா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ராமாயி எடுத்தாள். "என்றா மருதா?"

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் அனுசுயா.